இடிக்கப்பட்ட தூபியும் எஞ்சிய நினைவும்: சிங்கப்பூர் எஸ்பிளனேட் பூங்கா சொல்லும் வரலாறு

சிங்கப்பூரின் மையப் பகுதியில், பாடாங் எனப்படும் பழைய மைதானத்துக்கும் கடற்கரைக்கும் இடையில் எஸ்பிளனேட் பூங்கா அமைந்துள்ளது. தொழில் நிமித்தமாகவோ உறவினரைக் காணவோ அந்நாட்டுக்குச் செல்லும் எம்மவர்களில் பலர் இப்பூங்காவை ஒரு தடவையேனும் கடந்து சென்றிருப்பர். நிழல் தரும் மரங்கள், நடைபாதை, கடற்காற்று என்பவற்றுக்கு அப்பால் இச்சிறு நிலப்பரப்பு ஒரே யுத்தத்தின் ஒன்றுக்கொன்று முரணான நினைவுகளைச் சுமந்து நிற்கிறது என்பதைக் கவனிப்போர் சிலரே. அங்கே பிரித்தானியப் பேரரசுக்காக மடிந்தவர்களுக்கு ஒரு தூபி உண்டு. ஜப்பானியரை எதிர்த்து இரகசியப் படையில் இணைந்து உயிர்நீத்த சீனர் ஒருவருக்கு ஒரு கோபுரம் உண்டு. ஜப்பானியரின் துணையுடன் பிரித்தானியரை எதிர்க்கப் புறப்பட்ட இந்திய தேசிய இராணுவத்தினருக்கு ஒரு கல்வெட்டு உண்டு. இம்மூன்றில் கடைசியானதே எமது இன்றைய கவனத்துக்குரியது. ஏனெனில் அது முதலில் கல்வெட்டாக இருக்கவில்லை. கட்டி முடிக்கப்பட்ட ஒரு நினைவுத் தூபியாக இருந்தது, வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது, அரை நூற்றாண்டு கழித்தே அதன் இடம் மீண்டும் அடையாளப்படுத்தப்பட்டது.

1945 ஜூலை 8 ஆம் திகதி சுபாஷ் சந்திரபோஸ் இத்தூபிக்கான அடிக்கல்லை நாட்டினார். அந்தத் திகதியைச் சற்று நிதானித்து நோக்க வேண்டும். ஜேர்மனி இரண்டு மாதங்களுக்கு முன்னரே சரணடைந்துவிட்டது. ரங்கூன் கைநழுவிப் போய்விட்டது. இம்பால் படையெடுப்பு தோல்வியில் முடிந்து ஓராண்டு கடந்திருந்தது. வெற்றிக்கான வாய்ப்பு எதுவும் எஞ்சியிராத வேளையில், மாண்டுபோன பெயர் தெரியாத வீரர்களுக்காக ஒரு தூபி எழுப்பப்படுகிறது. வென்றவர்கள் நினைவுச் சின்னம் கட்டுவது உலக வழக்கம். தோற்றுக் கொண்டிருப்பவர்கள், எதிரி வாசலுக்கு வரும் முன்னர் அவசர அவசரமாகக் கட்டிய நினைவுச் சின்னம் இது. கட்டுமானப் பொறுப்பு கேணல் சிரில் ஜோன் ஸ்ட்ரேசி என்ற ஆங்கிலோ இந்திய அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓகஸ்ட் மாத நடுப்பகுதியில் ஜப்பான் சரணடைந்தது. செப்டெம்பர் 5 ஆம் திகதி பிரித்தானியப் படைகள் சிங்கப்பூரில் மீண்டும் தரையிறங்கிய போது தூபி கடற்கரையோரமாக எழுந்து நின்றது.

அதில் மூன்று சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன: இத்திஃபாக், இஃதிமாத், குர்பானி. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்பன அவற்றின் பொருள். இந்துஸ்தானி மொழிச் சொற்களாயினும் அவற்றின் வேர் அரபு மொழியில் உள்ளதால் எமது முஸ்லிம் வாசகர்களுக்கு அவை அந்நியமானவை அல்ல. இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர், கிறிஸ்தவர் என அனைவரும் இருந்த ஒரு படையின் தாரக மந்திரம் இவ்வாறு அமைந்திருந்தமை தற்செயலானதன்று.

தென்கிழக்காசியக் கூட்டுப் படைகளின் உச்சத் தளபதியாக இருந்த மவுண்ட்பேட்டன் பிரபுவின் உத்தரவின் பேரில் அதே செப்டெம்பர் மாதத்தில் இத்தூபி தகர்க்கப்பட்டது. இவ்விடத்தில் எமது நாட்டுடனான தொடர்பொன்றையும் குறிப்பிட வேண்டும். 1944 ஏப்ரல் மாதம் முதல் மவுண்ட்பேட்டனின் தலைமையகம் கண்டியிலேயே, பேராதனைப் பூங்காவிலேயே இயங்கி வந்தது. இம்பாலிலும் பர்மாவிலும் இந்திய தேசிய இராணுவத்துக்கு எதிராக நடத்தப்பட்ட போரின் திட்டங்கள் மகாவலிக் கரையில் தீட்டப்பட்டன. அப்பூங்காவில் உலாவி மகிழும் எமது பாடசாலை மாணவர்களில் எத்தனை பேருக்கு இது சொல்லிக் கொடுக்கப்படுகிறது என்பது வேறு விடயம்.

தூபி ஏன் தகர்க்கப்பட்டது என்பதைப் புரிந்து கொள்வதற்கு, அது யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை முதலில் விளங்கிக் கொள்ள வேண்டும். 1942 பெப்ரவரி 15 ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாட்களின் பின்னர், ஃபாரர் பார்க் மைதானத்தில் இந்தியப் படையினர் சுமார் 45,000 பேர் ஒன்று திரட்டப்பட்டனர். பிரித்தானிய அதிகாரி ஒருவர் அவர்களை முறைப்படி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். அவ்வளவு காலமும் தாம் யாருக்காகப் போரிட்டார்களோ அந்த அதிகாரிகள் தம்மைப் பொருட்களைப் போலக் கையளித்துவிட்டுச் சென்றனர் என்ற உணர்வு அங்கிருந்த பலரின் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது. ஜப்பானிய மேஜர் புஜிவாராவும், கப்டன் மோகன் சிங்கும் அங்கு உரையாற்றினர். அவ்வாறு ஆரம்பமான முதலாவது இந்திய தேசிய இராணுவம், ஜப்பானியருடனான முரண்பாட்டினால் அதே ஆண்டு டிசம்பரில் கலைந்து போனது. மோகன் சிங் கைது செய்யப்பட்டார். தாம் ஜப்பானியரின் கைப்பாவையாக இருக்க விரும்பவில்லை என்பதே அவரது நிலைப்பாடாக இருந்தது. இப்படையைத் துரோகிகளின் கூட்டம் என்றோ ஜப்பானியரின் கூலிப்படை என்றோ ஒரே சொல்லில் முடித்து விடுவோர் இந்த டிசம்பர் முரண்பாட்டை வசதியாக மறந்து விடுகின்றனர்.

1943 ஜூலை 2 ஆம் திகதி சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூரை வந்தடைந்தார். ஜேர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் அவருடன் பயணித்த ஒரேயொரு இந்தியத் தோழர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசன் ஆவார். ஜூலை 4 ஆம் திகதி கத்தே கட்டடத்தில் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ராஷ் பிஹாரி போஸிடமிருந்து அவர் பொறுப்பேற்றார். மறுநாள் பாடாங் மைதானத்தில், அதாவது பின்னர் தூபி எழுந்த இடத்துக்கு எதிரே, படையினரின் அணிவகுப்பைப் பார்வையிட்டு 'டில்லி சலோ' என்ற முழக்கத்தை எழுப்பினார். ஒக்டோபர் 21 ஆம் திகதி ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசாங்கம் பிரகடனப்படுத்தப்பட்டது.

இதன் பின்னரே இப்படை தமிழர்களின் கதையாகவும் மாறியது. யுத்தக் கைதிகளாக இருந்த தொழில்முறைப் படையினரில் பெரும்பாலோர் வட இந்தியர்கள். ஆனால் 1943 ஜூலையின் பின்னர் தொண்டர்களாக முன்வந்த பொதுமக்களில் பெருந்தொகையினர் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளர்கள். எமது மலையக மக்களின் மூதாதையரை அழைத்து வந்த அதே கங்காணி முறை, அதே தமிழக மாவட்டங்களிலிருந்து மலாயாவுக்குக் கொண்டு சென்ற மக்கள் அவர்கள். துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்திராதவர்கள். தோட்டத் துரையின் முன் தலைநிமிர்ந்து பேசப் பழகாதவர்கள். போஸின் உரைகள் கூட்டங்களில் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டன. படையின் மொத்தத் தொகை நாற்பதாயிரத்தை அண்மித்தது என்பது பொதுவான மதிப்பீடு.

இவர்களை எந்த அளவுக்குத் 'தொண்டர்கள்' என அழைக்கலாம் என்ற கேள்வி நியாயமானது. முள்வேலி முகாமில் பட்டினி கிடக்கும் கைதியிடம், சேர்ந்தால் உணவும் மரியாதையும் உண்டு, சேராவிட்டால் கடின உழைப்பு என்று சொல்லப்படுமாயின் அவனது சம்மதத்தை எவ்வாறு மதிப்பிடுவது? சேர மறுத்த இந்தியக் கைதிகள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்களில் பலர் நியூகினி போன்ற தொலைதூரத் தீவுகளுக்கு அனுப்பப்பட்டு அங்கே மாண்டனர். எடுத்த சத்தியப் பிரமாணத்தை மீற மாட்டோம் என்று நின்ற அவர்களும் தமது மனச்சாட்சிக்கு உண்மையாக நடந்தவர்களே. தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை இன்னொரு பயங்கரமும் தலைக்கு மேல் தொங்கியது. சியாம்-பர்மா ரயில் பாதை அமைப்பதற்காக ஜப்பானியர் மலாயாவிலிருந்து இலட்சக்கணக்கில் இல்லாவிடினும் பல்லாயிரக்கணக்கில் தொழிலாளர்களைக் கொண்டு சென்றனர். அவ்வாறு கொண்டு செல்லப்பட்டோரில் பெரும்பான்மையினர் தமிழர்கள். மரண ரயில் பாதை என இன்று அழைக்கப்படும் அப்பாதையில் மடிந்த மேற்குலகக் கைதிகளின் தொகை ஏறத்தாழ 12,000. மடிந்த ஆசியத் தொழிலாளர்களின் தொகையோ 80,000 முதல் ஒரு இலட்சம் வரை என மதிப்பிடப்படுகிறது. முன்னையவர்களில் பெரும்பாலானோருக்குக் கல்லறை உண்டு. பின்னையவர்களில் பெரும்பாலானோருக்குப் பெயர்ப் பதிவு கூட இல்லை. இத்தகைய சூழலில், படையில் சேர்வது ரயில் பாதையிலிருந்து தப்புவதற்கான வழியாகவும் இருந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை.

ஆனால் அது மட்டுமே காரணம் என்பதும் தவறாகும். அவ்வாறாயின் பெண்கள் ஏன் வந்தனர்? சென்னையைச் சேர்ந்த டொக்டர் லட்சுமி சுவாமிநாதனின் தலைமையில் ஜான்சி ராணி படையணி உருவாக்கப்பட்டது. அதன் பயிற்சி முகாம் 1943 ஒக்டோபர் 22 ஆம் திகதி சிங்கப்பூரில் திறந்து வைக்கப்பட்டது. ஜான்சி ராணி லட்சுமிபாயைக் கண்டோ கேட்டோ இராத, இந்தியாவையே கண்டிராத தோட்டத்துப் பெண் பிள்ளைகள் காக்கிச் சட்டை அணிந்து துப்பாக்கி ஏந்தினர். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் வசதியான குடும்பமொன்றின் மகள். போஸின் உரையைக் கேட்டுத் தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்ததாகவும், பின்னர் தந்தையின் எதிர்ப்பை மீறிப் படையில் சேர்ந்ததாகவும் அவரே கூறியிருக்கிறார். இளம் வயதில் பர்மா வரை சென்ற அவர், பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரில் மலேசிய செனட்டராக விளங்கினார். 2000 ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2014 இல் காலமானார். ஈப்போவில் பிறந்த ரசம்மா பூபாலன் மலேசியாவில் பெண் ஆசிரியர்களுக்குச் சம சம்பளம் கோரிப் போராடியவராக அறியப்படுகிறார். ரயில் பாதைக்குப் பயந்து வந்தவர்கள் இவர்கள் அல்லர்.

இலங்கையரின் பங்கையும் இங்கு சுட்டிக்காட்டாமல் இருக்க முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குச் சென்று ரயில்வேயிலும் அரச அலுவலகங்களிலும் எழுதுவினைஞர்களாகப் பணியாற்றியோர் ஏராளம். 'மலாயன் பென்சனியர்' என்ற சொல் எமது கிராமங்களில் ஒரு காலத்தில் ஒரு சமூக அந்தஸ்தையே குறித்தது. பிரித்தானிய நிர்வாகத்தின் நம்பிக்கைக்குரியவர்களாக இருந்த இச்சமூகத்திலிருந்தும் சிலர் போஸின் பின்னால் சென்றனர். இந்திய சுதந்திர லீக்கின் கீழ் இலங்கையருக்கெனத் தனிப் பிரிவொன்றும் செயற்பட்டது. எமது சுதந்திர வரலாறு எழுதப்படும் போது இவர்கள் எங்கும் இடம்பெறுவதில்லை. இந்தியர் அல்லாததால் இந்திய வரலாற்றிலும், இலங்கையில் வாழாததால் இலங்கை வரலாற்றிலும் இவர்கள் விடுபட்டுப் போயினர்.

மத நல்லிணக்கம் குறித்து எமது இரு சமூகங்களும் அறிந்திருக்க வேண்டிய சம்பவமொன்றும் உண்டு. சிங்கப்பூர் டேங்க் வீதியில் உள்ள செட்டியார் கோயிலின் நிர்வாகிகள் நிதியுதவி வழங்குவதற்காகப் போஸை அழைத்தனர். சாதி, மத வேறுபாடின்றி அனைவரும் கோயிலுக்குள் அனுமதிக்கப்பட்டால் மாத்திரமே வருவேன் என்று அவர் நிபந்தனை விதித்தார். நிர்வாகிகள் இணங்கினர். சீருடை அணிந்த முஸ்லிம் அதிகாரிகளுடன் அவர் கோயிலுக்குள் சென்றார். அனைவரின் நெற்றியிலும் திலகமிடப்பட்டது. உடன் சென்ற ஆபித் ஹசன் இதனைப் பிற்காலத்தில் நெகிழ்ச்சியுடன் பதிவு செய்துள்ளார். 1943 இல் தமிழகத்துக் கோயில்கள் பலவற்றில் தாழ்த்தப்பட்ட இந்துக்களே நுழைய முடியாதிருந்தது என்பதை நினைவிற் கொண்டால் இதன் கனம் புரியும்.

1944 மார்ச் முதல் ஜூலை வரை நடைபெற்ற இம்பால் படையெடுப்பில் இப்படை பங்கேற்றது. ஏப்ரல் 14 ஆம் திகதி மணிப்பூரின் மொய்ராங்கில் கேணல் சௌகத் அலி மாலிக் கொடியேற்றினார். பின்னர் மழை வந்தது, உணவு வரவில்லை. களத்தில் சுடப்பட்டு இறந்தவர்களை விடப் பட்டினியாலும் மலேரியாவாலும் வயிற்றோட்டத்தாலும் மாண்டவர்களே அதிகம். இராணுவ ரீதியில் நோக்கினால் இது ஒரு தோல்வி, அதுவும் முழுமையான தோல்வி. மலையகக் காடுகளில் புதையாமல் கிடந்த அந்த உடல்களுக்காகவே சிங்கப்பூர் கடற்கரையில் தூபி எழுந்தது.

பிரித்தானியரின் பார்வையில் இவர்கள் சத்தியப் பிரமாணத்தை மீறிய படையினர். சாங்கி முகாமில் பிரித்தானிய, அவுஸ்திரேலியக் கைதிகளுக்குக் காவலாக நிறுத்தப்பட்டவர்களில் இந்திய தேசிய இராணுவத்தினரும் இருந்தனர் என்ற கசப்பும் அவர்களிடம் இருந்தது. கல்லைத் தகர்த்தால் கதையும் முடிந்து விடும் என்று மவுண்ட்பேட்டன் கருதியிருக்கலாம். நடந்தது வேறு. தூபி தகர்க்கப்பட்டு இரண்டே மாதங்களில், 1945 நவம்பரில், டில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லோன் ஆகிய மூவர் மீது விசாரணை ஆரம்பமானது. ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர். இதனைவிடப் பெரிய அரசியல் தவறொன்றைக் காலனித்துவ அரசு செய்திருக்க முடியாது. காங்கிரஸும் முஸ்லிம் லீக்கும் கண்டனத்தில் ஒன்றிணைந்தன. ஆயுள் முழுவதும் நாடுகடத்தும் தண்டனை விதிக்கப்பட்ட போதிலும், தளபதி ஓக்கின்லெக் 1946 ஜனவரியில் அதனை இரத்துச் செய்ய நேர்ந்தது. அடுத்த மாதத்தில் கப்டன் ரஷீத் அலிக்கு விதிக்கப்பட்ட தண்டனைக்கு எதிராகக் கல்கத்தா வீதிகளில் இந்துக்களும் முஸ்லிம்களும் தோளோடு தோள் நின்றனர். அதே கல்கத்தா அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் எதைக் கண்டது என்பதை நாம் அறிவோம்.

அப்படையின் தளபதிகளே பின்னர் இரு நாடுகளாகப் பிரிந்தனர். ஷா நவாஸ் கான் இந்தியாவில் தங்கி அமைச்சரானார். ஸமான் கியானியும், போஸின் இறுதி விமானப் பயணத்தில் உடனிருந்த ஹபிபுர் ரஹ்மானும் பாகிஸ்தானுக்குச் சென்றனர். சுதந்திர இந்தியா இவர்களை மாலையிட்டு வரவேற்றது. ஆனால் இராணுவத்தில் மீண்டும் சேர்த்துக் கொள்ளவில்லை. சாதாரண வீரர்களுக்கு ஓய்வூதியம் கிடைப்பதற்கு 1972 வரை காத்திருக்க நேர்ந்தது.

மலாயாவில் ஏற்பட்ட விளைவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அணிவகுத்துப் பழகிய தொழிலாளி தோட்டத்துக்குத் திரும்பிய போது பழைய தொழிலாளியாக இருக்கவில்லை. ஆசாத் ஹிந்த் இயக்கத்தில் பங்கேற்ற ஜோன் திவி, 1946 இல் மலாயன் இந்தியன் காங்கிரஸின் முதல் தலைவரானார். கெடா மாநிலத் தோட்டங்களில் கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் 'தொண்டர் படை' என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் எழுந்து, 1947 இல் பொலிஸாரால் ஒடுக்கப்பட்டது. இம்பால் களம் கண்ட ஜேம்ஸ் புதுச்சேரி சிங்கப்பூர் மக்கள் செயல் கட்சியின் ஆரம்பகர்த்தாக்களில் ஒருவராகி, பின்னர் 1963 இல் தடுத்து வைக்கப்பட்டார். ஒரு படை கலைக்கப்பட்டாலும் அது கற்றுக் கொடுத்த நிமிர்வு கலைந்து விடுவதில்லை போலும்.

எனினும் இக்கதையைச் சிங்கப்பூரின் சீன மக்களின் பக்கத்திலிருந்தும் பார்ப்பதே நேர்மை. 1942 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் ஜப்பானியர் ஆயிரக்கணக்கான சீன ஆண்களைத் தேடிப் பிடித்துக் கடற்கரைகளில் சுட்டுக் கொன்றனர். சிங்கப்பூரைக் காப்பதற்காக வேட்டைத் துப்பாக்கிகளுடனும் கத்திகளுடனும் போரிட்ட சீனத் தொண்டர் படையினரும், சீனாவின் யுத்தத்துக்கு நிதி சேர்த்தவர்களும் குறிப்பாக வேட்டையாடப்பட்டனர். அதே காலத்தில் ஜப்பானியரின் நண்பர்களாக அணிவகுத்துச் சென்ற ஒரு படையை அம்மக்கள் எவ்வாறு விடுதலை வீரர்களாகக் காண முடியும்? பூங்காவில் நிற்கும் எண்கோணக் கோபுரம் லிம் போ செங்கிற்குரியது. வர்த்தகரான அவர் பிரித்தானியரின் 136 ஆவது படையில் இணைந்து மலாயாவுக்குள் இரகசியமாக ஊடுருவியவர். பிடிபட்டுச் சித்திரவதைக்குள்ளாகி, தோழர்களைக் காட்டிக் கொடுக்க மறுத்து, 1944 ஜூன் 29 ஆம் திகதி பத்து காஜா சிறையில் 35 வயதில் இறந்தார். சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து அதே திகதியில் அவரது நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. அவரும் தொண்டரே. இம்பாலில் மாண்ட தமிழ் இளைஞனும் தொண்டரே. இருவரும் எதிரெதிர் அணியில் நின்றனர்.

இந்த முரண்பாட்டைச் சிங்கப்பூர் அரசாங்கம் கையாண்ட விதம் கவனத்துக்குரியது. அது ஒரே நாளில் நிகழவில்லை. 1962 இல் கொல்லப்பட்ட மக்களின் எலும்புக் கூடுகள் கண்டெடுக்கப்பட்டன. சீன வர்த்தக சம்மேளனம் அவற்றுக்கு நினைவுச் சின்னம் அமைக்க முயன்ற போது, அது சீனருக்கு மாத்திரமன்றி எல்லா இனத்தவருக்குமானதாக அமைய வேண்டும் என அரசாங்கம் கூறிச் செலவிலும் பங்கேற்றது. எஸ்பிளனேட் பூங்காவுக்கு அண்மையில் யுத்த நினைவுப் பூங்காவில் 1967 பெப்ரவரி 15 ஆம் திகதி திறக்கப்பட்ட நான்கு உயர்ந்த தூண்கள் நான்கு சமூகங்களையும் குறிக்கின்றன. 1922 இல் திறக்கப்பட்ட பேரரசுத் தூபியும் அகற்றப்படவில்லை. இந்திய தேசிய இராணுவத் தூபியின் முறை கடைசியிலேயே வந்தது. 1995 இல், யுத்தம் முடிவுற்ற 50 ஆவது ஆண்டை முன்னிட்டுத் தேசிய மரபுடைமைச் சபை வரலாற்று இடங்களை அடையாளப்படுத்திய போது, தூபி நின்ற இடத்திலும் ஒரு கல்வெட்டு வைக்கப்பட்டது.

நாம் இதனை முழுமையான நீதியென்று போற்றவில்லை. கல்வெட்டு தூபியாகி விடாது. 2010 டிசம்பரில் இப்பூங்காவின் நினைவுச் சின்னங்கள் தேசிய நினைவுச் சின்னமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட போது பேரரசுத் தூபி, லிம் போ செங் கோபுரம், டான் கிம் செங் நீரூற்று ஆகிய மூன்றுமே அதில் உள்ளடங்கின. காட்டில் நின்று ஜப்பானியரை எதிர்த்த மலாயக் கம்யூனிஸ்டுகளின் நிலையோ இன்னும் மோசம். அவர்களின் தலைவர் சின் பெங்கிற்கு யுத்தம் முடிந்ததும் பிரித்தானியா விருது வழங்கியது. பின்னர் அவர் தேடப்படும் எதிரியானார். 2013 இல் பாங்கொக்கில் அவர் இறந்த போது அவரது அஸ்தியைக் கூட மலேசியா ஏற்க மறுத்தது. தொண்டர்களின் நினைவு என்பது அடுத்த அரசியல் யாருடையது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

இவ்வரலாற்றை எழுதும் வேளையில் எமது மண்ணை எண்ணாதிருக்க இயலவில்லை. 2009 இன் பின்னர் வடக்கு கிழக்கில் துயிலும் இல்லங்கள் தரைமட்டமாக்கப்பட்டன. கோப்பாயில் அவ்விடத்திலேயே 2011 இல் இராணுவத் தலைமையகம் திறக்கப்பட்டது. 2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவு யாழ். பல்கலைக்கழக நினைவுத் தூபி இடிக்கப்பட்டு, எதிர்ப்பின் காரணமாக அதே ஆண்டு ஏப்ரலில் மீண்டும் எழுந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், அப்பிள்ளை எந்த அணியில் நின்றது என்று பார்த்து அழுவதில்லை. அவள் விளக்கேற்றுவதற்கு ஓரிடம் கேட்பதை எந்த அரசும் மறுக்கலாகாது என்பதே எமது உறுதியான நிலைப்பாடு. அதே வேளை, 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதையும், அவ்வாண்டு ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதையும் எமது முஸ்லிம் சகோதரர்கள் மறந்துவிட வேண்டும் என்று கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை. துப்பாக்கிச் சன்னங்களின் தடயங்களை அப்பள்ளிவாசலின் சுவரில் பேணி வருவது அவர்களின் உரிமை. சிங்கப்பூர் சீனரின் கண்ணோட்டத்தை நாம் மேலே விரிவாகக் குறிப்பிட்டதன் காரணமும் இதுவேயாகும்.

தகர்க்கப்பட்ட தூபியின் மாதிரியொன்று பிற்காலத்தில் மணிப்பூரின் மொய்ராங்கில், கொடியேற்றப்பட்ட அதே ஊரில் கட்டப்பட்டது. சிங்கப்பூருக்குச் செல்வோர் பாடாங் மைதானத்திலிருந்து கொனோட் வீதியைக் கடந்தால் பூங்காவுக்குள் நுழையலாம். மூன்று நினைவிடங்களையும் பார்ப்பதற்கு அரை மணித்தியாலம் போதுமானது. பேரரசுத் தூபியின் அடியில், நாம் வாழ அவர்கள் மாண்டனர் என்ற கருத்திலமைந்த வாசகம் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. இந்திய தேசிய இராணுவக் கல்வெட்டில் மாண்டவர்களின் பெயர்ப் பட்டியல் எதுவும் இல்லை.